சபை வேலை எல்லாம் செய்கிறேன், மனசு மட்டும் தேவனிடத்தில் நிற்கவில்லை

குழித்துறைத்_தங்கை:
ஸ்தோத்திரம். வீடு குழித்துறை பக்கம், வேலை திருவனந்தபுரத்தில், தினமும் ரயில். விடிகாலை நாலரைக்கு எழும்பி இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு கட்டி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினால் திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். இதற்கிடையில் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியத்தின் கணக்கு, இப்போது அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பொருள் சேர்ப்பதும் என்னிடம்தான். எல்லாம் விரும்பித்தான் செய்கிறேன். ஆனால் போன வாரம் ஒரு ராத்திரி முழங்கால்போட்டு, பரமண்டல ஜெபத்தை ஆமென் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் ஒரு வார்த்தைகூட மனசில் நிற்கவில்லை, முழுக்க அந்தக் கணக்கு நோட்டுதான் ஓடியிருக்கிறது. அன்றைக்குக் காலையில் சின்னவன் சாம்பாரைத் தரையில் கொட்டிவிட்டான் என்று அடித்தும் விட்டேன். கலாத்தியர் 5-ல் சொல்லும் ஆவியின் கனியை (அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று ஒன்பது குணங்கள்) எடுத்து ஒவ்வொன்றாக என்னிடம் இருக்கிறதா என்று பார்த்தால் நீடிய பொறுமையிலேயே நின்றுவிடுகிறேன். ஓடுகிற ஓட்டத்துக்குள்ளே கண்ணைத் தேவன்மேல் வைத்திருப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

விளவங்கோடு_பிரதர்:
சிஸ்டர், இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையிலேயே ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளிடம் அவர் சொன்னதுதான், லூக்கா 10. பல காரியங்களைக் குறித்துக் கலங்குகிறாய் என்றார். இரண்டு பொறுப்பை விட்டுவிடுங்கள், காலையில் மூன்றரைக்கு எழும்புங்கள், ஒரு மணி நேரம் வேதம். வேறு குறுக்கு வழி கிடையாது.

பாறசாலை_அக்கா:
பிரதர், பொறுப்பைக் குறைக்கச் சொன்னது சரி, மூன்றரைக்கு எழும்பச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தங்கச்சி தூங்குவதே ஐந்து மணி நேரம் இருக்குமோ என்னவோ. நான் இருபது வருஷமாக நர்ஸ், நைட் டியூட்டி முடிந்து வந்து வேதத்தைத் திறந்தால் எழுத்தே ஆடும். ரொம்ப நாள் அதைப் பாவம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் மத்தேயு 14 வாசிக்கும்போது பேதுருவின் ஜெபம் கண்ணில் பட்டது, கடல்மேல் நடக்கும்போது காற்றைப் பார்த்துப் பயந்து மூழ்கப்போகிறவன் இயேசுவிடம் கேட்டது ஒரே வரி, "ஆண்டவரே, என்னை இரட்சியும்", உடனே கையை நீட்டிப் பிடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளியின் கட்டிலுக்குப் போகும் முன்னும், கை கழுவுகிற அந்த நேரத்தில் ஒரு வரி ஜெபம். பாரிஸில் 17-ஆம் நூற்றாண்டில் லாரன்ஸ் என்று ஒரு மடத்துச் சகோதரர் இருந்தார், அவருக்குச் சமையல்கட்டு வேலை, பிறகு செருப்புத் தைக்கிற வேலை, ஜெபவேளையில் போலவே பாத்திரங்களுக்கு நடுவிலும் தேவனோடு இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். அப்புறம் தங்கச்சி, ஒன்று, மகனிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேட்காவிட்டால் இன்றைக்கே கேள். நோட்டு கண்முன்னே வந்து நிற்பதைவிட அதுதான் பெரிய தடை.

ரப்பர்_நர்சரி:
மக்களே, எனக்கு வயது 67. பிரசங்கம் பண்ணத் தெரியாது, என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ரப்பர் தைக்கு (கன்றுக்கு) பட்டிங், அதாவது மொட்டு ஒட்டு, வைக்கும்போது தண்டின் பட்டையைக் கொஞ்சம் பிளந்து, நல்ல இனத்தின் மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் காற்றும் தண்ணீரும் போகாமல் இறுக்கிச் சுற்றுவோம். சுமார் மூன்று வாரம் அதைத் தொடக்கூடாது. வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் பிடித்ததா இல்லையா என்று ஐந்தாம் நாளே அவிழ்த்துப் பார்ப்பார்கள், அப்படி அவிழ்த்த மொட்டு கறுத்துப் போகும். நாள் ஆன பிறகு நாடாவை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும், அப்போதுதான் ஒட்டியது என்று அர்த்தம். அதிலிருந்து பால் எடுக்க இன்னும் ஏழு வருஷம் ஆகும், அது வேறு.

நீ ராத்திரி ராத்திரி அவிழ்த்துப் பார்க்கிறாய் மக்களே. யோவான் 15-ல் இயேசு திராட்சச்செடி, நாம் கொடிகள்; கொடிக்குச் சொன்ன வேலை அவரில் நிலைத்திருப்பது. கலாத்தியரிலும் ஆவியின் கனி என்று ஒருமையில்தான் இருக்கிறது, கனிகள் என்று இல்லை. நீ ஒன்பது பெட்டியாகப் பிரித்து வைத்து எது காலி என்று தேடுகிறாய். உன் பொறுமையைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார். மனசு கணக்கு நோட்டுக்குப் போனால் திட்டாதே, "ஆண்டவரே, இதோ நோட்டு" என்று அதையே அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வா. பத்துதரம் போனால் பத்துதரம் திரும்பி வா.

குழித்துறைத்_தங்கை:
ஐயா, அந்த ஐந்தாம் நாள் விஷயத்தை வாசித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா, ராத்திரியே மகனிடம் கேட்டேன், "சரி அம்மா, நானும் சாம்பார்ப் பாத்திரத்தை ஆட்டிக்கிட்டுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மடியில் படுத்துக்கொண்டான். பிரதர், ஐக்கியக் கணக்கைப் பண்டிகை முடிந்ததும் வேறொருவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ரயிலில் குழித்துறையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்" என்கிற சங்கீதம் 16-ன் எட்டாம் வசனத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து தடவை மனசு ஆபீசுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தேன்.