ஓராண்டுக்குள் இரண்டாவது சைனஸ் சி.டி. ஸ்கேன்: எடுக்கலாமா?

கேள்வி (மன்னார்குடி):
என் மகளுக்குப் பதினான்கு வயது. சம்பா அறுவடையின்போது தூசியால் தொடங்கும் மூக்கடைப்பும் நெற்றிவலியும் மாசி முடிந்தும் விடுவதில்லை. சென்ற ஆண்டு கும்பகோணத்தில் சைனஸ் சி.டி. எடுத்தோம். இப்போது தஞ்சாவூரில் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர், அறுவை சிகிச்சை தேவையா என முடிவு செய்ய இன்னொன்று கேட்கிறார். ஒரு சி.டி. நூற்றுக்கணக்கான எக்ஸ்ரேக்குச் சமம் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் சம்மதிக்க மறுக்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (ரேடியோகிராபர், தஞ்சாவூர்):
ஐயா, அந்தக் கணக்கு வயிற்று சி.டி.க்குப் பொருந்தலாம், சைனஸுக்குப் பொருந்தாது. சைனஸ் சி.டி.யின் கதிர்வீச்சு பொதுவாக 1 மில்லிசீவர்ட்டுக்கும் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெளிவாகப் பிரிந்து தெரியும் பகுதி இது என்பதால், கதிரளவைக் குறைத்து எடுத்த படம் சற்றுப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் மருத்துவருக்குப் போதும். ஆகவே, "லோ டோஸ் முறையில் எடுங்கள்" என்று முன்கூட்டியே கேளுங்கள். படங்களோடு பதிவாகும் டோஸ் பக்கத்தில் டி.எல்.பி. என்றோர் எண் இருக்கும்; அந்த ஸ்கேன் முழுவதற்கும் இயந்திரம் செலுத்திய கதிரளவை அது குறிக்கும். பெரியவர்களுக்கு அதை 0.0021ஆல் பெருக்கினால் தோராயமான மில்லிசீவர்ட் கிடைக்கும்: 250 என்றால் அரைக்குச் சற்று மேல். சிறுவர்களுக்குப் பெருக்கும் எண் கொஞ்சம் கூடும்.

மறுமொழி (திருவாரூர்):
என் தங்கை மகனுக்கு எடுத்தபோது ஈயக் கவசம் போடவில்லை. அது சரிதானா?

மறுமொழி (ரேடியோகிராபர், தஞ்சாவூர்):
தலையை எடுக்கும்போது வயிற்றை எட்டும் சிதறல் கதிர் மிகச் சொற்பம். அதிலும் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே சிதறி வருவதால் மேலே போர்த்தும் கவசம் அதைத் தடுக்காது. கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்கள் மட்டும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். உடன் நிற்பவர்கள் அறைக்கு வெளியே இருப்பதே முறை.

மறுமொழி (காது மூக்கு தொண்டை மருத்துவர், மயிலாடுதுறை):
அளவைவிட, இந்த ஸ்கேன் இப்போது அவசியமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே காகிதம் போன்ற மெல்லிய எலும்பு உண்டு. மேலே மூளையின் அடித்தளம். எண்டோஸ்கோப் (மூக்குத் துளைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கருவி) வழியே அறுவை செய்பவருக்கு இவற்றின் அமைப்பு தெரிந்தாக வேண்டும், சாதாரண எக்ஸ்ரே அதைக் காட்டாது. ஆனால் சளி பிடித்திருக்கும் நாளில் எடுத்தால் வெறும் சளியே நோய் போலத் தெரியும் என்பதால், மருந்துகளை முழுமையாக முடித்த பிறகே எடுப்பது நல்லது. சென்ற ஆண்டின் ஃபிலிமை மட்டும் கொண்டுபோகாமல், ஸ்கேனின் எல்லாப் படங்களும் பதிவான கணினித் தட்டை (டிஸ்க்) கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அறுவை வேண்டாம் என்று அதிலேயே தெளிவானால் புதிய ஸ்கேனுக்கு வேலை இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. எங்களிடம் ஃபிலிம் மட்டுமே உள்ளது. திங்கட்கிழமை கும்பகோணம் சென்று தட்டைக் கேட்கிறேன்.