கல்கட்டுகளுக்கு நடுவே விளையும் சிவப்பு ஒயின்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். சுவிட்சர்லாந்தில் ஓர் உணவகச் சமையலறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஒயின் என்றால் இறைச்சி வேகும்போது சட்டியில் ஊற்றுவது. அதற்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை. உடன் வேலை செய்யும் இத்தாலியர் ஓர் அக்டோபரில், "ஊரில் திராட்சை அறுக்க ஆள் போதவில்லை, இரண்டு நாள் வாருங்கள்" என்று அழைத்தார். வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கும் வால்தெல்லினா பள்ளத்தாக்கு அவர் ஊர்ப்பக்கம். ஆல்ப்ஸைக் கடக்கும் பெர்னினா ரயில் 2,253 மீட்டர் வரை ஏறி, 429 மீட்டரில் இருக்கும் தீரானோவில் இறக்கிவிட்டது. மேலே நடுங்கிக்கொண்டிருந்தவன் கீழே கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, நடுவே அத்தா ஆறு. வடகரைச் சரிவு தெற்கு வெயிலைப் பார்த்து நிற்பதால் கொடிகள் அந்தப் பக்கம்தான். சரிவு முழுவதும் படிப்படியாகக் கல்கட்டு. மொத்த நீளம் 2,500 கிலோமீட்டர் என்பார்கள். டிராக்டர் ஏற வழியே இல்லை. சில தோட்டங்களில் பெட்டிகளை ஹெலிகாப்டரில் இறக்குகிறார்கள். நாங்கள் போன தோட்டத்தில் முதுகுதான்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். குலையை எட்டிப் பிடிக்க, கல்கட்டின் விளிம்பில் கால் வைத்தேன். ஒரு கல் பெயர்ந்து கீழ்ப்படியில் விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. தோட்டக்காரப் பெரியவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப்போய் அந்தக் கல்லைத் தூக்கி வந்தார். உள்ளங்கையில் மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்தார். பின்னால் சரளைக் கற்களைத் திணித்து, கல்லை உட்கார வைத்து, சின்னச் சில்லு ஒன்றை ஆப்பாக அடித்தார். சிமெண்ட் பூசினால் என்ன என்று கேட்டேன். மழை நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கி, ஒரு நாள் மொத்தக் கட்டையும் தள்ளிவிடும் என்றார். என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு எனக்குக் கீழ் வரிசையில் மட்டுமே வேலை.

பகலில் அந்தக் கல்லைத் தொட்டால் சுடுகிறது, இருட்டிய பிறகும் வெதுவெதுப்பு போகவில்லை. இங்கே ஒரு பகுதிக்கு 'இன்ஃபெர்னோ', அதாவது நரகம், என்றே பெயர்.

திராட்சை நெப்பியோலோ, உள்ளூரில் கியாவென்னாஸ்கா என்கிறார்கள். மலைச் சிவப்பு ஒயின் மைபோல் கருத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு மறுபக்கம் விரல் தெரிகிறது. காய்ந்த ரோஜா வாசனை, பிறகு நெல்லிக்காய் கடித்ததுபோல் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. வெறுமனே குடித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வழியும் பிட்சோக்கெரி என்ற உள்ளூர் பாஸ்தா தட்டு வந்தபோதுதான் அந்தத் துவர்ப்பின் வேலை புரிந்தது. அறுத்த குலைகளைத் தட்டுகளில் பரப்பி, டிசம்பர் வரை சுருங்க விட்டுப் பிழியும் ஸ்ஃபோர்சாட்டோ ஒயினும் கொடுத்தார்கள். குறைந்தது 14 சதவீதம் ஆல்கஹால். மறுநாளும் படி ஏற வேண்டும் என்பதால் அரைக் குவளையோடு நிறுத்திக்கொண்டேன்.

*

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குக்கு நான் போயிருக்கிறேன். 1756லேயே எல்லை வகுத்துவிட்ட ஒயின் நிலம். அங்கே தகடு தகடாகப் பிளக்கும் பாறை. வேர் அந்தப் பிளவுகளில் இறங்கித் தண்ணீர் தேடுகிறது. மாலையில் கருங்கல் தொட்டியில் இறங்கித் திராட்சை மிதித்தேன். முதலில் தோளோடு தோள் கோத்து, படைபோல் ஒரே தாளத்தில் மிதிக்க வேண்டும். பிறகுதான் ஆட்டம் பாட்டம். முழங்காலுக்கு மேல் சாறு, அடியில் குளிர், காம்பு குத்துகிறது. படத்தில் தெரியும் குதூகலம் முதல் பத்து நிமிடத்துக்குத்தான். என்னை அதிகம் பாதித்தது கைவிடப்பட்ட படிகள். 19ஆம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபோது விட்டுப்போனவை பல. புதர் மூடிய அந்தக் கற்படிகளை 'மொர்த்தோரியோ' என்கிறார்கள்.

*

தொடங்கியவன்தான். மிதித்த கதைக்கு நன்றி. எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. நண்பர் இந்த அக்டோபருக்கும் அழைத்திருக்கிறார். கீழ் வரிசை எனக்கென்று பெரியவர் இப்போதே சொல்லிவிட்டாராம்.