ரோட்டரி பம்ப் பிக்கப்: பழைய டீசல் ஓஸ் முழுசா மாத்தணும், என்ன சைஸ், எந்த வரிசை?

கேள்வி:
2007 மாடல் டீசல் பிக்கப். டிஐ (நேரடி இன்ஜெக்ஷன்) இன்ஜின், எல்லா நாசிலுக்கும் டீசலை பிரஷர்ல பிரிச்சு அனுப்புற ரோட்டரி பம்ப், காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஹை பிரஷர் குழாய்) இல்லை, டேங்க்ல இருந்து டீசலைத் தள்ளுற தனி ஃபீட் பம்ப்பும் இல்லை. ராத்திரி நிறுத்திட்டு காலையில் செல்ஃப் அடிச்சா ரெண்டு செகண்ட் ஓடி அணைஞ்சிடுது. ஃபில்டர் மேல இருக்கிற கை பம்பை இருபது தடவை அழுத்தினா ஸ்டார்ட் ஆகி அன்னைக்கு முழுக்க நல்லா ஓடுது. கீழே ஒரு சொட்டு டீசல் இல்லை. ஓஸ் எல்லாம் வண்டியோட வந்தது, வளைச்சா வெடிப்பு தெரியுது. என்ன ஓஸ் வாங்கணும்? சேசிஸ்ல துருப்பிடிச்ச ஸ்டீல் பைப்புக்குப் பதிலா செம்புப் பைப் போடலாமா?

பதில் 1:
சொட்டு இல்லாததே அடையாளம். டேங்க்ல இருந்து டீசலை பம்ப்தான் உறிஞ்சி இழுக்குது. அந்த லைன்ல ஓட்டை இருந்தா டீசல் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். ராத்திரி நிக்கும்போது டீசல் டேங்குக்கே இறங்கிடும்.

மாத்துறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கோங்க. பம்ப் இன்லெட் பக்கம் 15 செ.மீ. ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப் போட்டு ஐடில்ல ஓட விடுங்க. குமிழி தொடர்ந்து வந்தா காத்து அதுக்கு முன்னாடி எங்கேயோ நுழையுது. இந்த ட்யூப் சோதனைக்கு மட்டும்தான். அப்படியே விட்டா டீசல்ல இறுகி, வெடிச்சு, பழைய கதைதான்.

சப்ளைக்கு பெரும்பாலும் 8 மி.மீ., மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்னுக்கு 6 மி.மீ. உள்விட்டம். ஆனா பைப்பை வெர்னியர்ல அளந்துட்டு வாங்குங்க. ஓஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9, எரிபொருள் ஓஸுக்கான தரக் குறியீடு) னு அச்சு இருக்கணும். உள் லேயர் ஃப்ளோரோ ரப்பர், பயோடீசல் கலந்த டீசலுக்கும் தாங்கும். தண்ணி ஓஸ், ஏர் ஓஸ் எதுவும் வேண்டாம். மெல்லிசான ஓஸ் உறிஞ்சும்போது உள்பக்கமா சப்பிக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கழட்டுறதுலதான் நிறைய பேர் கெடுத்துடுறாங்க. பழைய ஓஸை பிளையர்ல முறுக்கி இழுத்தா ஃபில்டர் ஹெட் நிப்பிள் உடையும். ஓஸை நீளவாக்குல கீறி உரிச்சு எடுங்க. பிளேடு பைப்புல படக்கூடாது. நீளவாக்குல மயிரிழைக் கீறல் விழுந்தாலும் புது ஓஸுக்கு அடியில அதுவே காத்து வழி.

பைப் முனையில வீங்கின வளையம் இருக்கணும். ஓஸ் அதைத் தாண்டி 25 மி.மீ. ஏறணும், கிளிப் பைப் முனையில இல்லாம வளையத்தைத் தாண்டி உட்காரணும். ஏத்துறதுக்கு சுத்தமான டீசலைத் தடவுங்க, கிரீஸ் வேண்டாம். பல்லுள்ள பெரிய கிளிப் சின்ன ஓஸை வெட்டும், வட்டமாவும் இறுக்காது. ஓரம் மடிச்ச இன்ஜெக்ஷன் கிளிப் வாங்குங்க.

பேஞ்சோ போல்ட் (டீசல் உள்ளேயே ஓடுற துளை போட்ட போல்ட்) கழட்டினா காப்பர் வாஷர் புதுசு போடுங்க. முக்கியமா, பம்ப்போட ரிட்டர்ன் போல்ட்ல ‘அவுட்’னு பொறிச்சிருக்கும், உள்ளே ஊசித் துளை. அதை இன்லெட்ல மாட்டிட்டா டீசல் வரத்து குறையும், ரிட்டர்ன் பக்கம் சாதா போல்ட் போனதால பம்ப் உள் பிரஷர் விழும். புது ஓஸ் போட்டும் வண்டி இழுக்கலைனா முதல்ல இதைப் பாருங்க.

செம்பு வேண்டவே வேண்டாம். டீசலோட தொடர்ந்து பட்டா டீசல் சீக்கிரம் கெட்டு பிசின் மாதிரி படியும், பம்ப்பும் நாசிலும் அதை விரும்பாது. நாகம் பூசின பைப்பும் அப்படித்தான். ஸ்டீல் பைப் வளைச்சு, 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் பூண் கிளிப் போட்டு, சைலன்ஸர் பக்கம் போகாம கட்டுங்க. துருவோட துளை பெரும்பாலும் சேறு தேங்குற கிளாம்ப்புக்கு அடியிலதான் இருக்கும், கிளாம்ப்பை எடுத்துப் பாருங்க.

கேட்டவர்:
நன்றி அண்ணா. டேங்க் பாதிக்குக் கீழே போனா தொல்லை கூடுது. அதுக்கும் ஓஸ்தான் காரணமா?

பதில் 3:
அது நல்ல தகவல். டேங்க் உள்ள இறங்கி டீசலை உறிஞ்சுற பிக்கப் பைப்ல துளையோ விரிசலோ இருந்தா இப்படித்தான் ஆகும். டீசல் மட்டம் துளைக்கு மேல இருக்கிற வரை சத்தமில்லை, கீழே போனதும் காத்து. வெளி ஓஸ் எத்தனை மாத்தினாலும் தீராது. டேங்க் கால்வாசிக்குக் குறைஞ்சப்ப ஜாக் கொடுத்து இறக்கி, அந்தப் பைப்பையும் அதோட முனை வலையையும் (ஸ்ட்ரெய்னர்) பார்த்துடுங்க, டேங்க் மேல இருக்கிற ரெண்டு ஓஸையும் அப்பவே மாத்துங்க. அதுக்காக ரெண்டாவது தடவை இறக்காதீங்க.

மாட்டினதும் ஏர் எடுக்கிறது: ஃபில்டர் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி குமிழி இல்லாம டீசல் வர்ற வரை கை பம்ப். அப்புறம் பம்ப் இன்லெட் போல்ட்டையும் தளர்த்தி அதே மாதிரி. அதுக்கும் ஸ்டார்ட் ஆகலைனா ரெண்டு நாசிலுக்குப் போற பைப்போட நட்டை ஒரு சுத்து தளர்த்தி 15 செகண்ட் செல்ஃப், ஒரு நிமிஷம் ஓய்வு, டீசல் தெறிச்சதும் இறுக்கிடுங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, கையைப் பக்கத்துல வைக்காதீங்க. காமன் ரெயில் வண்டியில நட்டைத் தளர்த்துற வேலையே கூடாது, ஆயிரம் பார் தாண்டின பிரஷர் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்.