டிஐ-83: வேகம் கூட்டினால் பேட்டரி எவ்வளவு தாங்கும்? அளந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டிஐ-83 கிராஃபிங் கால்குலேட்டரில் 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசஸர். போர்டில் உள்ள ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான் கிளாக் வேகத்தை, அதாவது பிராசஸர் இயங்கும் துடிப்பின் வேகத்தை, தீர்மானிக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் குறைந்த மதிப்பில் ஒன்றைப் பற்றவைத்தால் வேகம் கூடும். அளவு மீறினால் முதலில் திணறுவது திரைதான்: திரையை இயக்கும் சிப்பான எல்சிடி டிரைவருக்கு ஒவ்வொரு கட்டளைக்கும் சில மைக்ரோசெகண்ட் இடைவெளி தேவை, அது கிடைக்காவிட்டால் எழுத்துகள் சிதறும்.

என் கேள்வி பேட்டரி பற்றியது. கிளாக் ஏற ஏற மின்னோட்டமும் ஏறும். ஆனால் கணக்குச் சீக்கிரம் முடிந்து பிராசஸர் ஹால்ட்டுக்கு (வேலையின்றிக் காத்திருக்கும் நிலைக்கு) போய்விடும். ஆகவே கிராஃப் வரையும்போது பெரிய இழப்பு இருக்காது, ஓயாமல் ஓடும் விளையாட்டுகளில்தான் அடி விழும் என்று நினைக்கிறேன். இன்னொன்று, வேகம் கூடினால் சிப்புக்கு வோல்டேஜும் அதிகம் வேண்டும். நான்கு ட்ரிபிள்-ஏ செல்லில் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே ஹேங் ஆகலாம்.

மாற்றம் செய்தவர்கள், பேட்டரியோடு தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்து பாருங்கள். மீட்டரில் வரும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர். சும்மா இருக்கும்போது, கிராஃப் வரையும்போது, எந்த வோல்டேஜில் ஹேங் ஆகிறது என்ற மூன்று அளவும் வேண்டும். கெப்பாசிட்டர் மதிப்பையும் மறக்காமல் எழுதுங்கள். பேக்கப் செல்லை எடுத்துவிடாதீர்கள், மெமரி அழிந்துவிடும்.