குமாசியில் மூன்று வாரம்: துணியையும் அன்றாட வாழ்வையும் பார்க்க யாரேனும் வழி சொல்வீர்களா?

கேள்வி: கீழவாசல் சுங்குடி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இரண்டு ஆண்டுகளாகக் கானா நாட்டின் குமாசி நகரத்தில் வேலை பார்க்கிறான். தை பிறந்ததும் மூன்று வாரம் அவனோடு தங்கிவர இருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக, துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடிதான் தொழில். அம்மா இன்றும் மாலையில் விளக்கு வைத்தபின் திண்ணையில் உட்கார்ந்து, துணியை நக நுனியால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த ஊரில் யார் நெய்கிறார்கள், எப்படிச் சாயம் காய்ச்சுகிறார்கள், எந்த நாளில் எதை உடுத்துகிறார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. கடையில் பொருள் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும் பயணமாக அது ஆகிவிடக் கூடாது. தம்பி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு அம்மா ஒரு சுங்குடிச் சேலை கொடுத்துவிட நினைக்கிறார். அது பொருத்தமாக இருக்குமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: திருமங்கலத்துக்காரன்

வணக்கம் சகோதரி. நான் குடும்பத்தோடு ஏழு ஆண்டுகள் குமாசியில் இருந்தவன். நீங்கள் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். போன புதிதில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். என் மனைவி அரக்குச் சிவப்பில் கறுப்புக் கரை போட்ட பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த வீட்டு மூதாட்டி அவருடைய கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், "மகளே, இது சாவு வீட்டுக்கு உடுத்தும் நிறம்" என்று மெதுவாகச் சொன்னார். குமாசிப் பகுதியில் வாழும் அசாந்தி மக்களுக்குச் சிவப்பும் கறுப்பும் துக்கத்தின் நிறங்கள். இறுதிச் சடங்குகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடப்பதால் அன்று தெருவெல்லாம் அந்த இரண்டு நிறங்களாகவே இருக்கும். வெள்ளையோ மகிழ்ச்சிக்கு உரியது. குழந்தை பிறந்த வீட்டிலும் நன்றி வழிபாட்டிலும் அதைத்தான் உடுத்துகிறார்கள். சுமங்கலிக்கு வெள்ளைச் சேலை கொடுக்க நம் பெரியவர்கள் தயங்குவார்களே, அந்தக் கணக்கு அங்கே அப்படியே மாறிவிடுகிறது.

மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டு 1924இல் திரும்பிவந்த அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பேக்காக 1925இல் கட்டப்பட்ட வீடு அது. 1874இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துப் போனவற்றுள் சில உட்பட 32 பொருட்கள், லண்டனின் இரண்டு அருங்காட்சியகங்களிலிருந்து 2024இல் அங்கே வந்தன. வந்தது கடனாகத்தான், அதுவும் மூன்றாண்டுத் தவணையில். அதைப் படித்தபோது என் மனம் ஆறவில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அரண்மனையில் அக்வாசிடாயே என்ற அரச விழா நடக்கும். உங்கள் மூன்று வாரத்துக்குள் அது வருகிறதா என்று தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். ஆண்கள் பெரிய துணியை இடது தோளில் போட்டு, வலது தோள் தெரிய உடுத்தியிருப்பார்கள். மன்னர் முன் போகும்போது தோளிலிருந்து துணியை இறக்கி, செருப்பையும் கழற்றிவிடுவார்கள். சாமி சந்நிதியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும் நம் ஊர்ப் பெரியவர்கள்தான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார்கள்.

சாயத்துக்கு நீங்கள் போக வேண்டிய இடம் மாம்போங் சாலையில் உள்ள இன்டோன்சோ. பாடியே என்ற மரத்தின் பட்டையை ஊறவைத்து, உரலில் இடித்து, கொதிக்கவைத்துக் கறுப்பு மையாகச் சுண்டக் காய்ச்சுவார்கள். சுரைக்குடுக்கையின் ஓட்டில் செதுக்கிய அச்சை அதில் தோய்த்துத் துணியில் ஒற்றி எடுப்பார்கள். இதுதான் அடின்க்ரா, பழைய நாளில் துக்கத்துக்கான துணி. அந்த அச்சு வடிவங்களில் ஒன்றான, தலையைப் பின்னால் திருப்பி முட்டையை எடுக்கும் பறவைக்கு 'சான்கோஃபா' என்று பெயர். விட்டுவந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள் என்பது அதன் பொருள்.

எதையும் வலது கையாலேயே கொடுங்கள், வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்; அது இல்லாமல் நாட்டுக்குள் விட மாட்டார்கள்.

பதில்: செல்லூர் தறி

தறியைப் பற்றி நான் சொல்கிறேன் தங்கை. குமாசியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள பொன்வீரே, கென்டே என்ற பட்டைத் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து முன்னோர் நெசவு கற்றதாக அங்கே கதை சொல்வார்கள். நம் குழித்தறியில் மிதிகட்டையை மிதிக்கிறோம். அவர்களோ பாவு நூலை ஏற்றி இறக்கும் விழுதிலிருந்து தொங்கும் கயிற்றைக் கால் விரல் இடுக்கில் பிடித்து ஏற்றி இறக்குகிறார்கள். பாவு பல கெஜத்துக்கு முன்னால் நீண்டு கிடக்கும். அதன் கடைசியில் பாரக்கல்லைக் கட்டி விறைப்பாக வைத்திருப்பார்கள். நெய்து வருவது நான்கு விரற்கடை அகலமே உள்ள பட்டை. அப்படிப் பல பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால்தான் ஒரு துணி. கட்டங்கள் அடுத்த பட்டையின் கட்டத்தோடு சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதை நெய்யும்போதே மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள். நான் ஒரு நெசவாளியின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். நானும் தறிக்காரன் என்று தெரிந்ததும் ஊடு நூலை ஓட்டும் நாடாவை என் கையில் கொடுத்தார். நீங்களும் கேமராவை உறைக்குள் வைத்துவிட்டு, அம்மா முடிச்சிட்ட, சாயம் தோய்க்காத துண்டு ஒன்றை எடுத்துப் போய்க் காட்டுங்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கென்டேயைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தையில் கென்டே வடிவத்தை அச்சடித்த துணியும் விற்கும், இரண்டும் ஒன்றல்ல. முடிந்தால் நெய்த பட்டை ஒன்றையாவது நெய்தவரிடமே வாங்குங்கள்.

பதில்: குன்னத்தூர் சத்திரம்

மதுரைப் புது மண்டபத்தில் தையல் மிஷின்களின் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். குமாசியின் கெஜெடியா சந்தையில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் நெருங்கி இருந்ததைப் பார்த்து வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. மெழுகு அச்சுத் துணியைக் கெஜக் கணக்கில் வாங்கி அங்கேயே அளவு கொடுத்துவிடலாம். ரவிக்கையும் நீண்ட பாவாடையும் மேலே போட ஒரு துணியுமாகத் தைப்பதைக் 'கபா' என்கிறார்கள். ஒவ்வொரு அச்சுக்கும் கடைக்காரம்மா ஒரு பெயர் வைத்திருப்பார், பழமொழி உட்பட; விலை கேட்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள். தைத்ததை வெள்ளிக்கிழமை உடுத்துங்கள். உள்நாட்டுத் துணியை அன்று அலுவலகத்துக்கும் உடுத்தும் வழக்கத்தை 2004 முதல் அரசே ஊக்குவித்து வருகிறது. பெயரைக் கேட்டால் பிறந்த கிழமையையும் சொல்லுங்கள். வெள்ளியில் பிறந்த பெண் அஃபுவா, சனியில் பிறந்தவள் அமா. சைவம் என்றால் சோறும் பயறும் சேர்த்து வேகவைத்த வாச்சே கிடைக்கும். மேலே மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கீழவாசல் சுங்குடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா சிவப்பில் கறுப்புக் கரைதான் எடுத்து வைத்திருந்தார். திருமங்கலத்து அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டியதும் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி விழும்படி புதிதாக ஒன்று செய்வதென்று முடிவு. தான் பிறந்தது சனிக்கிழமை என்பதால் அங்கே தன் பெயர் அமா என்று கேட்டதிலிருந்து அவருக்கு ஒரே மகிழ்ச்சி. செல்லூர் அண்ணன் சொன்ன அந்தச் சாயம் தோய்க்காத துண்டுக்கும் இன்று மாலையே முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார்.