ஜப்பான் செட் பிஎஸ்5 மலிவா கிடைக்குது, தோட்டப்புற டவுன் கடைக்குச் சரிப்படுமா?

தோட்டக்கடை (சுங்கை சிப்புட்):

வணக்கம். மலேசியாவில், தோட்டங்களுக்கு நடுவே உள்ள டவுனில் போன், கேம் செட் விற்கிற சின்ன கடைக்காகக் கேட்கிறேன். ஜப்பானிலிருந்து சரக்குக் கொண்டுவரும் ஒருத்தர், பெட்டி பிரிக்காத பிஎஸ்5 (சோனி பிளேஸ்டேஷன் 5) டிஜிட்டல் செட், அதாவது டிஸ்க் போட முடியாதது, பத்து தருகிறேன் என்கிறார். விலை நம்மூர் செட்டைவிட நன்றாகவே குறைவு. அங்கே கடை விலையே 55,000 யென்தானாம். 100 யென்னுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 70 காசு என்று போட்டால் 1,485 வெள்ளி.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, வாங்குகிறவர்கள் பாதிப்பேர் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்கள். லயத்து வீடு, பழைய வயரிங், ஃபைபர் லைன் கிடையாது, போன் சிம் போட்ட ரவுட்டர்தான். இந்த செட் அங்கே ஒழுங்காக ஓடுமா? இரண்டு, சோனி சொந்த ஊரை மறந்துவிட்டு அமெரிக்காவையே பார்க்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஜப்பானுக்கு மட்டும் இந்த மலிவு விலை எதற்கு? இதில் ஏதோ உள்குத்து இருக்கிற மாதிரி தெரிகிறது.

வட்டப்பொத்தான்:

அண்ணே, பணத்தைக் கொடுக்காதீங்க. உள்குத்து இருக்கு, அதுவும் பெட்டி மேலேயே எழுதியிருக்கு. ஜப்பான் எழுத்து தெரியாததால நமக்குப் புரியல, அவ்வளவுதான்.

55,000 யென் செட் 2025 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வந்தது. அது "ஜப்பானிய மொழி மட்டும்" செட். சிஸ்டம் மொழியை மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், நாடு ஜப்பான் என்று பதிந்த பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கு மட்டும்தான் அதில் ஏறும். மலேசியா கணக்கு வைத்திருக்கிற பையன் இத்தனை வருஷம் வாங்கிய கேம் ஒன்றுகூட அதில் வராது. கணக்கில் ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. புதிதாக ஜப்பான் கணக்கு திறந்தால் கடை முழுக்க யென் விலை, நம்மூர் பேங்க் கார்டை எடுக்காது, யென் கிஃப்ட் கார்டு தேடி அலையணும்.

ஜப்பானில் வாங்கிய செட் எல்லாமே இப்படி இல்லை. சாதாரண ஜப்பான் செட்டில் ஆங்கிலம் இருக்கும், மலேசியா கணக்கும் ஏறும். லேபிளைப் பாருங்க. சி.எஃப்.ஐ என்று தொடங்கும் மாடல் நம்பரில் முதல் நான்கு இலக்கத்தின் கடைசி இரண்டுதான் ஊர்: 00 ஜப்பான், 15 அமெரிக்கா, 16 ஐரோப்பா, 18 நம்ம பக்கம். பிறகு வரும் ஏ என்றால் டிஸ்க் செட், பி என்றால் டிஜிட்டல். இப்படி மொழிக்கும் கணக்குக்கும் பூட்டுப் போட்டது 2200 பி01, 825 ஜிபி. பூட்டில்லாத ஜப்பான் டிஜிட்டல் 2000 பி01, 1 டெராபைட். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், மங்கலான போட்டோவில் 2200ம் 2000ம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மலைச்சாரல்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில்தான் வந்தது, 39,800 யென். அமெரிக்காக்காரன் அடுத்த வருஷம் செப்டம்பர் வரை காத்திருந்தான். பிஎஸ்3 வரையிலும் ஜப்பான்தான் முதலில். 2006இல் அந்த இடைவெளி ஆறே நாளாகச் சுருங்கியிருந்தது. பிஎஸ்4 வந்தபோது வரிசை தலைகீழானது. அமெரிக்காவில் 2013 நவம்பர் 15, ஜப்பானில் 2014 பிப்ரவரி 22. பிறந்த வீட்டுக்கு 99 நாள் தாமதம். 2016 ஏப்ரலில் சோனி கேம் கம்பெனியின் தலைமையகமே கலிபோர்னியாவின் சான் மாத்தேயோவுக்குப் போனது. 2021 ஏப்ரலில் ஜப்பான் ஸ்டுடியோ என்ற சோனியின் சொந்த கேம் தயாரிப்புப் பிரிவைக் கலைத்து, டீம் அசோபி என்ற குழுவை மட்டும் மிச்சம் வைத்தார்கள். (அந்த மிச்சம்தான் 2024இல் ஆஸ்ட்ரோ பாட் செய்து அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது.)

ஜப்பான்காரர்களுக்கு அதிகம் உறைத்தது தேதியோ ஆபீஸோ அல்ல, ஒரு பொத்தான். பொத்தான்களை வரைந்த தெய்யு கோட்டோ, வட்டத்தை "ஆம்" என்றும் பெருக்கல் குறியை "இல்லை" என்றும் வைத்தார். அங்கே பள்ளியில் சரியான விடைக்கு வட்டம்தான் போடுவார்கள். தப்புக்குப் பெருக்கல் குறி. நம் தமிழ்ப்பள்ளி வாத்தியாரும் அதைத்தானே போடுகிறார். ஆனால் அமெரிக்காவில் பெருக்கல் குறியே "ஆம்" என்று பழகிவிட்டது. 26 வருஷம் இரண்டு வழக்கமும் தனித்தனியாக ஓடின. 2020இல் பிஎஸ்5 வந்தபோது உலகம் முழுக்க ஒன்றாக்கினார்கள், ஜப்பான்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதனால் ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு: பழைய பிஎஸ்4 ஜப்பான் டிஸ்க்கைப் போட்டால் சில கேம்களுக்குள் வட்டம்தான் "ஆம்", வெளியே மெனுவில் பெருக்கல்தான் "ஆம்". செட்டிங்ஸில் அணுகல்தன்மை, கண்ட்ரோலர் என்று போய்ப் பொத்தானை மாற்றி வைக்கலாம். ஆனால் அது எல்லா கேமிலும் சேர்த்து மாற்றிவிடும், குதிக்கிற பொத்தான் உட்பட.

இப்போது விலை. பிஎஸ்5 டிஸ்க் செட் ஜப்பானில் வரியோடு 54,978 யென்னுக்கு வந்தது. 2022 செப்டம்பரில் 60,478, 2023 நவம்பரில் 66,980, 2024 செப்டம்பரில் 79,980. அமெரிக்காவிலோ 499 டாலர் 2025 ஆகஸ்டு வரை அசையவே இல்லை. காரணம் யென். 2020 கடைசியில் ஒரு டாலர் 105 யென்னை ஒட்டி இருந்தது, 2024 ஜூலையில் 160ஐத் தாண்டியது. யென் விலையை ஏற்றாமல் விட்டால் நம் ஊர் வரைக்கும் உள்ள வியாபாரிகள் ஜப்பானில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஏற்றினால் ஜப்பான் வீட்டுக்காரர் வாங்கமாட்டார். அவர் கையில் ஏற்கெனவே போட்டிக் கம்பெனி நின்டெண்டோவின் ஸ்விட்ச் செட் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடி. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் மொழிப் பூட்டு. நின்டெண்டோ 2025 ஜூனிலேயே இதைச் செய்து காட்டியது: ஸ்விட்ச் 2, ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், எல்லா மொழியும் உள்ளது 69,980.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். பூட்டுள்ள செட் வந்த 2025 நவம்பரில், பூட்டில்லாத டிஜிட்டல் செட் ஜப்பானில் 72,980 யென், அதாவது சுமார் 1,970 வெள்ளியாக இருந்தது. பூட்டுள்ளது 1,485. சேமிப்பு இடம் கொஞ்சம் குறைவு என்பதைக் கழித்துவிட்டால், மிச்ச வித்தியாசம் முழுவதும் பூட்டுக்குத் தருகிற தள்ளுபடி. அந்தப் பூட்டு உங்களைப் போன்ற கடைக்காரரைத் தடுக்கப் போட்டது.

சிவப்பு_வயர்:

கரண்ட் விஷயம் யாரும் சொல்லல. பூட்டில்லாத ஜப்பான் செட்டை வாங்கினாலும் இதைக் கவனிங்க.

பெட்டியில் வருகிற பவர் கேபிளில் 125 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். இரண்டு தட்டை முனை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூணு வெள்ளிக்கு விற்கிற அடாப்டரைச் சொருகி 240 வோல்ட்டில் மாட்டாதீங்க. வயரின் தோல் அந்த வோல்ட்டுக்குச் செய்தது இல்லை. செட் பின்னால் உள்ள துளை எட்டு வடிவம், ரேடியோவுக்கு வருகிற அதே கேபிள் பொருந்தும். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள மூன்று முனை கேபிளாக வாங்கி, பிளக்கைத் திறந்து ஃபியூஸைப் பாருங்க. 13 ஆம்பியர் இருந்தால் எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்க. முதல் மாடல் பிஎஸ்5 உச்சத்தில் 350 வாட், 230 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர்தான். மெல்லிய கேபிளுக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர் உருகின பிறகும் ஃபியூஸ் அறுந்துபோகாது.

மாட்டும் முன்னே செட்டின் லேபிள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் நேராக மாட்டலாம். 100 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் 500 வாட்டுக்குக் குறையாத இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேணும், கனமான இரும்புப் பெட்டி. பயணத்துக்கு விற்கிற கையடக்க கன்வர்ட்டர் முடி காய வைக்கிற மெஷினுக்குத்தான் ஆகும், இதற்கு ஆகாது.

அடுத்தது இடி. சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் போதும் என்று நினைக்கிறாங்க. அது அடியைத் தரைக்குத் தள்ளணும்னா சுவரில் எர்த் வேணும். பழைய லயத்து வீட்டில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் வயர் உள்ளே எங்கேயும் போகாது. அதோடு, கேம் செட்டுக்கு அடி பவர் பக்கமாக மட்டும் வருவதில்லை. கூரை மேல் டிஷ், அதிலிருந்து கேபிள் டீகோடருக்கு, அங்கிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ வழியாக செட்டுக்கு. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு எச்.டி.எம்.ஐயை விட்டால், செட்டுக்குள்ளே படத்தை டிவிக்கு அனுப்புகிற சின்ன ஐசி (சிப்) போயிடும். அப்புறம் செட் விளக்கு வெள்ளையா எரியும், டிவியில் படம் வராது. மழை கருக்கும்போதே மூன்றையும் கழட்டணும்: பவர், எச்.டி.எம்.ஐ, லேன் கேபிள்.

சிம்_ரவுட்டர்:

தோட்டக்கடை கேட்ட இரண்டாவது கேள்வியில் ஒரு திருத்தம். சோனி "சொந்த ஊரை மறந்தது" என்பது கொஞ்சம் அதிகம். ஜப்பானை ஓரங்கட்டுகிறார்கள் என்று 2020இல் செய்தி வந்தபோது அன்றைய தலைவர் ஜிம் ரயன் மறுத்தார். அதை நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து தலைவர் ஹிடேயாகி நிஷினோ. பூட்டுப்போட்ட மலிவு செட்டும் அவர் காலத்தில்தான் வந்தது. ஆபீஸ் கலிபோர்னியாவில் இருந்தாலும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஜப்பானியர்கள் வீட்டு டிவியை விட்டுப் போனுக்கும் கையில் பிடிக்கிற செட்டுக்கும் போனது சோனி செய்த குற்றம் இல்லை. பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்க செட்டை 2019இல் நிறுத்தியது மட்டும் சோனியே எடுத்த முடிவு.

இப்போது தோட்டத்து இன்டர்நெட். டிஜிட்டல் செட்டில் டிஸ்க் இல்லை, எல்லாமே டவுன்லோடு. 100 ஜிபி கேம் 20 எம்பிபிஎஸ் லைனில் பதினோரு மணி நேரம், அதுவும் வேகம் விழாமல் இருந்தால். சாயங்காலம் விழும். கோட்டா உள்ள பிளான் என்றால் ஒரே கேமில் மாதம் முடிந்தது.

உங்கள் கடையில் ஃபைபர் இருந்தால் இப்படிச் செய்யலாம். கடையில் ஒரு பிஎஸ்5 வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் தன் கணக்கைக் கடை செட்டில் ஏற்றி கேமை இறக்கட்டும். பிறகு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கட்டும். டிஸ்க் 250 ஜிபிக்கு மேல் 8 டெராபைட்டுக்குள், 5 ஜிபிபிஎஸ் வேகத்துக்குக் குறையாமல் இருக்கணும். செட் அதை முதலில் ஃபார்மட் செய்யும், உள்ளே இருக்கிற கல்யாண போட்டோ எல்லாம் போயிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிடுங்குமுன் செட்டிங்ஸில் சேமிப்பகம் போய்ப் பாதுகாப்பாக நீக்கு என்று கொடுக்கணும். வீட்டில் மாட்டி அதே கணக்கில் ஏறினால் கேம் தெரியும். பிஎஸ்5 கேமை யுஎஸ்பியில் வைத்தே ஆட முடியாது, உள்ளே நகலெடுக்கணும்; பிஎஸ்4 கேம் அப்படியே ஓடும். வேலை முடிந்ததும் கடை செட்டிலிருந்து அவர் கணக்கை நீக்க மறக்காதீர்கள்.

825 ஜிபி செட்டில் உண்மையில் கிடைப்பது 667 ஜிபிதான். பெரிய கேம் ஆறு, ஏழு. பூட்டுப்போட்ட செட்டில் இந்த வித்தையும் பலிக்காது, மலேசியா கணக்கே ஏறாதே.

தோட்டக்கடை (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் நன்றி. லேபிள் போட்டோ கேட்டேன், பெட்டியின் முன்பக்கத்தைத்தான் அனுப்புகிறார். இன்னொன்று: பூட்டில்லாத 2000 பி01 என்றே வைத்துக்கொள்வோம், தனியாக டிஸ்க் டிரைவ் மாட்டி விற்கலாமா? டவுனில் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் நிறைய புழங்குது.

வட்டப்பொத்தான்:

மாட்டலாம் அண்ணே. ஜப்பானில் டிரைவ் 2023இல் வந்தபோது விலை 11,980 யென், நம்ம பக்கம் விற்கிற டிரைவும் பொருந்தும். மாட்டினதும் ஒருமுறை இன்டர்நெட்டில் பதியணும், அதைக் கடையிலேயே முடிச்சுக் கொடுங்க. கேம் டிஸ்க்குக்கு ஊர்ப் பூட்டு இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ஆனால் கேமுக்குக் கூடுதலாக ஆன்லைனில் வாங்குகிற பகுதி (டிஎல்சி), டிஸ்க் எந்த ஊரோ அந்த ஊர்க் கணக்கில் வாங்கினால்தான் சேரும். மலேசியா கணக்குக்கு, உறையின் முதுகில் ஆர்3 போட்ட டிஸ்க் பாருங்க. புளூரே படம் ஜப்பானுக்கும் நமக்கும் ஒரே ஏ மண்டலம், தொல்லை இல்லை. டிவிடி மட்டும் ஜப்பான் 2, நாம் 3. எல்லா மண்டலமும் என்று போட்ட தமிழ்ப்பட டிவிடி ஓடும், 3 மட்டும் போட்டது ஜப்பான் செட்டில் ஓடாது.

நம்மூர் வாரண்டி, மாடல் நம்பரில் 18 போட்ட செட்டுக்குத்தான். 00 போட்ட ஜப்பான் செட் கெட்டுப்போனால் ஜப்பானுக்கு அனுப்பணும், அல்லது நீங்களே திறக்கணும். விலை போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்க.

முன்பக்கம் மட்டும் அனுப்புகிறவரிடம் ஒரு பெட்டியைப் பிரித்து மாட்டச் சொல்லுங்க. முதல்முறை ஆன் செய்ததும் மொழி கேட்கும் திரை வரணும், அதில் ஆங்கிலம் இருக்கணும். ஏற்கெனவே அமைத்த செட் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், மொழி. அதை வீடியோ காலில் காட்டட்டும். அப்படிக் காட்டுகிற செட்டின் சீரியல் நம்பரும் மற்ற ஒன்பது பெட்டியின் மாடல் நம்பரும் ரசீதில் வரணும்.