மர பேட்டில் அடித்தால் கை சுர்ரென்கிறது: கோளாறு பேட்டிலா, என்னிடமா?

மேப்பிள்மண்டை:
வணக்கம். டென்வரில் இருக்கிறேன். மகன் பேஸ்பால் ஆடப் போனதில் எனக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு வருடம் அலுமினிய பேட்டில் ஒப்பேற்றினேன். போன மாதம்தான் ஆசைப்பட்டு மேப்பிள் மரத்தில் ஒன்று வாங்கினேன், 33 அங்குலம்.

பத்துப் பந்து அடித்தால் எட்டுக்கு, பேட்டில் மேலே பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது. சத்தமும் 'தொப்'. மீதி இரண்டு மட்டும் விறகு பிளந்ததுபோல 'டக்'. அப்போது பந்து பட்டதே கைக்குத் தெரிவதில்லை. அந்த இரண்டுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஊரில் பத்து வருடம் லெதர் பந்தில் கிரிக்கெட் ஆடியவன். இப்படிக் கை கடுத்ததில்லை. கைப்பிடிக்குச் சற்று மேலே மிளகளவு கறுப்பு மைப்புள்ளி ஒன்று, ஓரம் கசிந்தபடி இருக்கிறது. டேமேஜ் ஆனதைத் தலையில் கட்டிவிட்டார்களா?

மூன்றாம்தளம்:
தம்பி, அந்தப் புள்ளி இருப்பது நல்லது. 2008 வாக்கில் மேப்பிள் பேட்கள் ஆட்டத்தின் நடுவே சிதறிப் பறந்து பெரிய தலைவலியானது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. மை மரத்தின் ரேகை வழியே கசியும். அந்தக் கசிவு பேட்டின் நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் மரம் உறுதி. உன்னுடையதைப் பார். அடிக்கும்போது லேபிள் வானத்தைப் பார்க்கட்டும். பந்து புள்ளி இருக்கும் பக்கத்திலோ அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலோ படும். இது பேட் உடையாமல் இருக்கத்தான், கைவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சுருதிப்பெட்டி:
வலிக்குக் காரணம் அதிர்வு. பந்து பட்டதும் பேட் வில் மாதிரி வளைந்து வளைந்து ஆடுகிறது, மரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 170 முறை. அதற்கு மேல் இன்னும் வேகமான ஆட்டமும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் அசையாத இடங்கள் சில இருக்கும். தடித்த முனையிலிருந்து 5 முதல் 7 அங்குலத்துக்குள் அவை பக்கம் பக்கமாக அமைகின்றன. அங்கே பட்டால் பேட் ஆடாது, சக்தி பந்துக்கே போகும். தள்ளிப் பட்டால் பந்துக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கை உங்கள் கை வாங்கிக்கொள்கிறது. 'தொப்'பும் கடுப்பும் ஒரே விஷயம்தான். ஒன்றைக் காது சொல்கிறது, இன்னொன்றைக் கை.

வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடியின் நுனிக் குமிழிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பந்தால் முனையிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விரலில் நடுக்கம் நின்று, சத்தம் சட்டென்று தெளியும். அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள்.

கிரிக்கெட்டில் ஏன் வலிக்கவில்லை என்றால், அந்தக் கைப்பிடி பிரம்பு. நடுவே ரப்பர் பட்டைகள் வேறு. அதிர்வை அது விழுங்கிவிடும். இங்கே குமிழ் முதல் முனை வரை ஒரே மரம்.

மேப்பிள்மண்டை:
நன்றி அக்கா. இறுக்கிப் பிடித்தால் சரியாகுமா?

சுருதிப்பெட்டி:
பந்து பேட்டில் ஒட்டியிருப்பது ஒரு மில்லி நொடி கூட இல்லை. பட்ட செய்தி கைக்கு வந்து திரும்புவதற்குள் பந்து கிளம்பிவிடும். அந்தக் கணத்தில் நீங்கள் எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்பது பந்துக்குத் தெரியவே தெரியாது. இறுக்கினால் வலிதான் மிச்சம்.

மூன்றாம்தளம்:
இன்னொன்று. பயிற்சிக்குப் போகும் வலைக் கூண்டில் (கேஜ்) மெஷின் போடுவது குழிக்குழியான மஞ்சள் பந்தா? அது கல் மாதிரி. அதில் மர பேட்டைக் காட்டாதே, காசு போகும். தைத்த தோல் பந்தில் அடி.

மேப்பிள்மண்டை:
மஞ்சள் பந்தேதான். ஐயோ. போகட்டும், இன்னொரு சந்தேகம். நியூ ஜெர்சியில் இருந்ததைவிட இங்கே என் அடி தூரம் போகிறது. தேறிவிட்டேனா?

மூன்றாம்தளம்:
தேறியது காற்று. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு போல குறைவு. உயரத் தூக்கிய பந்து 5 சதவீதமாவது கூடுதலாகப் போகும். வளைந்து வர வேண்டிய பந்தும் அவ்வளவு வளையாது, பந்து வீசும் பிட்சர்கள் பாவம். உங்கள் ஊர் பேஸ்பால் மைதானமான கூர்ஸ் ஃபீல்டில் பந்து காய்ந்து துள்ளாமல் இருக்க 2002 முதல் ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள். அங்கே ஒருநாள் மேல் வரிசையில் போய் உட்கார். பேட் சுழல்வது முதலில் தெரியும், 'டக்' பிறகுதான் வந்து சேரும். 100 மீட்டருக்கு 0.3 நொடி.

மேப்பிள்மண்டை:
தட்டிப் பார்த்தேன். ஆறரை அங்குலத்தில் நடுக்கம் நின்றது. மைக்கசிவும் நேராகத்தான் இருக்கிறது. கோடு போட்டபோதுதான் கவனித்தேன், பந்தின் தடங்கள் எல்லாம் 10 அங்குலத்துக்கு மேலே, கைப்பக்கமாக. கிரிக்கெட் பழக்கத்தில் பந்துக்குக் கிட்டே போய் நின்றிருக்கிறேன். அரையடி தள்ளி நின்று, தோல் பந்தில் மகனை வீசச் சொன்னேன். பத்தில் நான்கு 'டக்'. ஒன்று வேலி தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது, கேட்டு வாங்க மகன்தான் போயிருக்கிறான்.